ஓடிய கார்களும் நின்ற கார்களும்: நீர்வேலி வளவுகளின் பிறேக் வரலாறு

பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதுபவர்கள் தவறாமல் குறிப்பிடும் செய்தி ஒன்று உண்டு. எங்கள் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின என்பதுதான் அது. புலம்பெயர்ந்தவர்களின் ஒன்றுகூடல்களில் அந்தக் கதையைச் சொல்லாமல் எழும்புபவர் இல்லை. பெற்றோலை ஒரு சொட்டு விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்ததும், பின்னால் வெண்புகை சுருண்டதும், தெருவெல்லாம் மணத்ததும் இப்போது கேட்பவருக்குச் சாகசமாகத் தெரிகின்றன. ஆனால், ஓடிய அந்தக் கார்கள் எவ்வாறு நின்றன என்று எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மண்ணெண்ணெயில் ஓடும் காருக்கும் பிறேக் வேண்டும். பிறேக் தேயும். தேய்ந்ததை மாற்றுவதற்கான பொருள் அன்று கொழும்பிலிருந்து வரவில்லை. ஆகவே மாற்றும் வேலை வீட்டு வளவுகளுக்குள்ளேயே நடந்தது.

நான் பொறியியல் படித்தவன் அல்லன். கலைப்பீடத்தில் படித்துப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன். ஆயினும் நீர்வேலியில் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தவர்களுக்கு அரிக்கன் லாம்பு பிடித்த தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு. அந்தத் தகுதியை வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதியால் வடகிழக்கே போகையில் இருபாலை, கோப்பாய் கடந்து வருவது நீர்வேலி. அதற்கப்பால் சிறுப்பிட்டி, புத்தூர். தமிழறிந்தோர் எங்கள் ஊரை அரசகேசரிப் பிள்ளையார் கோவிலாலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த சங்கர பண்டிதராலும் அறிவர். சந்தைக்குப் போவோர் வாழைக்குலையால் அறிவர். கம்மாலைகளால் அறிந்தவர்கள் குறைவு. மண்வெட்டியும் கத்தியும் கோடரியும் அடித்துக் கொடுத்த அந்தக் கம்மாலைகளும், தோட்டந்தோறும் தண்ணீர் இறைத்த இயந்திரங்களும் இல்லாவிட்டால், நான் சொல்லப்போகும் பிறேக் கதை நடந்திராது.

முதலில் கார்களைப் பற்றிச் சொல்லவேண்டும். தடைக்காலத்தில் எங்கள் வீதிகளில் ஓடியவற்றுட் பெரும்பாலானவை எங்கள் வயதையும் மீறிய கார்கள். ஒஸ்ரின் ஏ40 என்ற பெயரில் இங்கிலாந்திலிருந்து வந்தவை பல வகை. 1947 முதல் 1952 வரை உற்பத்தியான டெவன், 1952 முதல் 1954 வரை உற்பத்தியான சோமர்செற், அதன்பின் வந்த கேம்பிறிட்ஜ். இவற்றோடு மொறிஸ் மைனர், ஹில்மன் மிங்ஸ், பேஜோ ஆகியனவும் உண்டு. வாடகைக் கார் என்றால் ஏ40 தான். கலியாண வீட்டுக்கும் அதுவே, ஆசுபத்திரிக்கும் அதுவே. காரின் வயதை அறிய இலக்கத் தகடு போதும். 1958க்கு முந்தியவற்றில் இ.என்., இ.எல்., இ.வை., சி.வி. என ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதன்பின் பதியப்பட்டவற்றில் சிங்கள ஸ்ரீ. அந்த ஓர் எழுத்துக்காகத் தார்ச்சட்டியோடு தெருவுக்கு வந்தவர்களின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. இங்கு அதற்குள் இறங்கவில்லை.

1950களில் வந்த கார்கள் 1990 வரை எப்படி நின்றுபிடித்தன? பதில் பொருளாதாரத்தில் இருக்கிறது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் அது ஏறக்குறைய நின்றே போயிற்று. இலங்கை முழுவதும் பழைய காரைப் பேணக் கற்றுக்கொண்டது அப்போதுதான். வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைபோன அந்த ஆண்டுகளில் எங்கள் தோட்டக்காரர்களின் கையில் பணம் இருந்தது. வாங்கப் புதுக் கார் இருக்கவில்லை. ஆகவே இருந்த காரைப் பூட்டிப் பூட்டி ஓடினார்கள். 1977க்குப் பின் கதவு திறந்து யப்பான் கார்கள் வரத் தொடங்கியபோது, சில ஆண்டுகளுக்குள் வடக்கில் வேறு கதை ஆரம்பித்துவிட்டது.

அந்தப் பழைய கார்களில் இன்று போல டிஸ்க் பிறேக் இல்லை. நான்கு சில்லுகளிலும் டிறம்தான். சில்லோடு சேர்ந்து சுழலும் இரும்புக் குடம் ஒன்று. அதற்குள் பிறைவடிவில் இரண்டு சூக்கள். சூவின் முதுகில் செம்பாணி அடித்துப் பொருத்திய லைனர். பெடலை மிதித்தால் மாஸ்ரர் சிலிண்டரிலுள்ள எண்ணெய் குழாய் வழியாகத் தள்ளப்பட்டு, சில்லிலுள்ள சிறிய சிலிண்டரைத் திறக்க, சூக்கள் விரிந்து குடத்தின் உட்புறத்தைத் தேய்க்கும். டெவனில் முன்சில்லுகளுக்கு மட்டுமே எண்ணெய். பின்சில்லுகள் கம்பியாலும் தண்டாலும் இழுபட்டன. சோமர்செற்றில்தான் நான்கும் எண்ணெயாயின. எண்ணெயால் பிறேக் பிடிக்கும் முறைக்கு 1917இல் காப்புரிமை பெற்றவர் மால்கம் லோக்ஹெட் என்ற அமெரிக்கர். மொறிஸ் மைனரின் பிறேக்கில் லொக்ஹீட் என்று பெயர் பொறித்திருந்தது அவர் வழி வந்த பெயரே.

லைனருக்கும் ஒரு கதை இருக்கிறது. 1890களில் இங்கிலாந்தின் டாபிஷயர் மலைப்பகுதியில் ஹேபேட் புறூட் என்பவர் குதிரை வண்டிக்காரர்களைக் கவனித்தார். இறக்கத்தில் மரக்கட்டைப் பிறேக் வழுக்காதிருக்க அவர்கள் பழஞ் சப்பாத்துத் தோலைக் கட்டையில் அடித்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து, சிறந்த உராய்வுப் பொருள் செய்யும் தொழிலை அவர் 1897இல் தொடங்கினார். புறூட் என்ற தம் பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கி, மனைவி எலிசபெத்தின் முதலெழுத்தையும் சேர்த்து ‘பெரோடோ’ என்று பெயர் வைத்தார். பிறேக் லைனர் என்ற உலகத் தொழிலின் தொடக்கமே பழஞ் சப்பாத்துத் தோலில்தான் இருக்கிறது. கல்லூரி படியாத வண்டிக்காரரின் சமாளிப்பு அது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளின் பின் வலிகாமத்தில் அந்தத் தொழில் திரும்பவும் அதே இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

1990 யூனில் இரண்டாம் கட்டப் போர் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. ரயில் நின்றது. எரிபொருள், பற்றறி, சீமெந்து, உரம், இரும்பு, வாகன உதிரிப்பாகம் எனத் தடைப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. பத்திரிகைகள் அச்சுத்தாள் இன்றிப் பள்ளிக் கொப்பித் தாளில் வெளிவந்தன. வானொலியைச் சைக்கிள் டைனமோவில் கேட்டோம். வெளியே போய்வருவதற்கு இருந்த கிளாலிக் கடல்வழியில் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதை இங்கு எழுதத் தேவையில்லை. அந்த வழியால் வந்த மூட்டைகளில் மருந்துக்கும் மாவுக்கும் முன்னால் பிறேக் லைனருக்கு எவர் இடம் கொடுப்பார்?

மண்ணெண்ணெயில் கார் ஓட்டும் வித்தை வானத்திலிருந்து இறங்கியதன்று. எங்கள் தோட்டங்களில் தண்ணீர் இறைத்த இயந்திரங்கள் பெற்றோலில் தொடங்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாறும் வகையின. வாழைக்கு இறைத்த ஒவ்வொரு தோட்டக்காரனுக்கும் அது தெரிந்த விடயம். ஏ40 போன்ற பழைய இயந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவு. ஆகவே அதே முறை காருக்கும் பொருந்தியது. எரியாத மண்ணெண்ணெய் இறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தது, இயந்திரம் தேய்ந்தது, ஆனால் ஓடியது. இதுவரை எல்லோரும் சொல்லும் கதை.

இனிப் பிறேக். எங்கள் ஒழுங்கையில் வாடகைக் கார் வைத்திருந்த ஒருவர் இருந்தார். அவரை எல்லோரும் ‘டிறைவர் அண்ணை’ என்றே அழைப்போம். அவருடைய சோமர்செற்றின் முன்சில்லுகளைக் கழற்றுவது ஒரு நாள் வேலை. காரைக் கராஜுக்குக் கொண்டுபோக முடியாது. போகும் வழியில் பிறேக் வேண்டுமே! ஜாக் வைத்து உயர்த்தி, அச்சின்கீழ் பனங்குற்றி இரண்டை நிறுத்தி, அதன்மேல் காரை இறக்கிவிட்டுத்தான் எவரையும் அடியில் போக விடுவார். அந்த ஒரு விடயத்தில் அவர் கண்டிப்பானவர். “ஜாக்கை நம்பிப் படுக்கிறவன் பெண்சாதியை நம்பாதவன்” என்று அவர் சொல்வதன் பொருள் எனக்கு இன்றுவரை முழுதாக விளங்கவில்லை.

குடத்தைக் கழற்றினால் உள்ளே கரும்புழுதி. ஊதித் தள்ளுவார்கள். தேய்ந்த லைனரின் செம்பாணிகளைக் குடைந்து எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டியது என்ன? ஓடாது கிடந்த லொறியின் தடித்த லைனர். அதை அரத்தாலும் இரும்பு வாளாலும் அறுத்து, சூவின் வளைவுக்கு ஏற்ப நாட்கணக்காக இழைத்து, ஆணித் துளையிட்டு, துளையின் வாயை அகட்டி, செம்பாணி அடிப்பார்கள். ஆணி லைனரின் மேற்பரப்பிலிருந்து நன்றாக உள்ளே தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் லைனர் சற்றுத் தேய்ந்தவுடனேயே ஆணித்தலை குடத்தைக் கீறும். அந்த ஆணிகளைக் கம்மாலையில் தட்டி எடுத்தார்கள். மண்வெட்டிக்கு இரும்பு இல்லாத காலத்தில் கம்மாலைக்காரர் ஆணி தட்டிக் கொடுத்ததற்கு வாங்கிய கூலி பெரும்பாலும் காசாக இருக்கவில்லை. ஒரு குலை வாழைப்பழம், அல்லது ஆசுபத்திரிக்கு ஒரு தடவை சும்மா கொண்டுபோய் விடுவதான வாக்கு.

லைனரைவிடக் கடினமானது சிலிண்டருக்குள் இருக்கும் இறப்பர் கப். கட்டைவிரல் அளவான சாமான். அதன் விளிம்பு தேய்ந்தால் எண்ணெய் கசியும். கசிந்தால் பெடல் தரைக்குப் போகும். நான்கு பழைய கப்புகளைக் கழற்றிக் கழுவி, விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்து, நல்லதாக இருந்த இரண்டை முன்சில்லுக்கு ஒதுக்குவார்கள். சிலிண்டரின் உட்சுவரை மெல்லிய மண்தாளால் தேய்ப்பார்கள். எதுவும் சரிவராத இடத்தில் கடைசி வழி ஒன்று உண்டு: அந்தச் சில்லுக்குப் போகும் செம்புக் குழாயை மடித்து நசுக்கி அடைத்துவிடுவது. கார் மூன்று சில்லில் பிறேக் பிடிக்கும். அடைக்கப்பட்டது முன்சில்லாயின், பிறேக்கை மிதிக்கும்போதெல்லாம் கார் மற்றப் பக்கம் இழுக்கும்; சாரதி அதற்கு எதிராக ஸ்ரியறிங்கைப் பிடிக்கப் பழகிக்கொள்வார். அப்படிப்பட்ட காரில் கர்ப்பிணிகள் யாழ்ப்பாணம் பெரியாசுபத்திரிக்குப் போனார்கள். பத்துக் கிலோமீற்றருக்குட்பட்ட தூரம்.

பிறேக் எண்ணெய் விடயத்தில்தான் டிறைவர் அண்ணையின் அறிவைக் கண்டு இன்றும் வியக்கிறேன். எண்ணெய் என்றால் எல்லாம் எண்ணெய்தானே என்று இயந்திர எண்ணெயை ஊற்றியவர்கள் இருந்தார்கள். கனிய எண்ணெய் பட்டால் இயற்கை இறப்பர் ஊதும். ஊதிய கப் பின்வாங்காது. சூ குடத்தை விடாது. சில்லு இறுகிச் சூடேறும். அவர் ஆமணக்கெண்ணெயைத் தேர்ந்தார். ஏனென்று கேட்டபோது, “அது இறப்பரைத் தின்னாது தம்பி” என்றார். வெகுகாலத்தின் பின், வேறெதற்கோ வாசித்துக்கொண்டிருந்தபோது கண்டேன்: எண்ணெய் பிறேக் தோன்றிய ஆரம்ப காலத்தில் அதற்குள் ஊற்றப்பட்டதே ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் கலந்த கலவைதான், இயற்கை இறப்பரை அது கெடுக்காது என்பதற்காக. கிளைக்கோல் சார்ந்த இன்றைய திரவங்கள் பின்னால் வந்தவை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அனுபவத்தால் போய்ச் சேர்ந்த இடம், 1920களின் பொறியியலாளர்கள் நின்ற இடம்.

இப்படியெல்லாம் எழுதும்போது பெருமை வருகிறது. வரத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெருமையில் பாதி எங்கள் நிலத்துக்குச் சேரவேண்டியது. குடாநாடு தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம். மலையில்லை, நீண்ட இறக்கமில்லை. ஹற்றனிலோ பதுளையிலோ ஓடும் காருக்கு அந்த ஆமணக்கெண்ணெயும் அறுத்த லைனரும் ஒரு நாள் தாங்கியிரா. மேலும், மண்ணெண்ணெய்க் காருக்கு வேகம் இல்லை. வீதிகள் குழி, எதிரே வருவது சைக்கிள், சில இடங்களில் அதுவும் இல்லை. பிறேக் இல்லாத குறையை வெறும் வீதி மறைத்தது. சாரதிகளும் கியரை இறக்கி, கைப்பிறேக்கை இழுத்து, அரை மைலுக்கு முன்பே நிற்கத் தொடங்கினார்கள்! வீதி நிறைய வாகனம் ஓடியிருந்தால் இந்தச் சாகசக் கதையின் நிறம் வேறாக இருந்திருக்கும்.

அந்தக் கரும்புழுதியையும் மறக்கக் கூடாது. அக்காலத்து லைனர்களில் கல்நார் இருந்தது. கல்நாரின் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை விளைவிக்கும் என்பதும், அது வெளிப்பட இருபது முதல் நாற்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதும் இன்று மருத்துவம் ஐயமின்றிச் சொல்லும் விடயம். பிரித்தானியா 1999இல் கல்நாரை முற்றாகத் தடைசெய்தது. எங்கள் வளவுகளில் அந்த லைனரை வாளால் அறுத்தார்கள், அரத்தால் இழைத்தார்கள், வாயால் ஊதினார்கள். முகத்தில் துணி கட்டிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பக்கத்தில் சிறுவர்கள் குந்தியிருந்தார்கள். ஷெல்லுக்கும் குண்டுவீச்சுக்கும் பயந்த காலத்தில் புழுதிக்கு எவர் பயப்படுவார் என்பது உண்மையே. ஆனால் தடையின் செலவைக் கணக்கிடுபவர்கள் இதையும் அந்தக் கணக்கில் எழுதவேண்டும் என்று நினைக்கிறேன். நான் வாசித்த எந்தக் கணக்கிலும் இது இல்லை.

1995 ஒக்ரோபரில் சூரியக்கதிர் படைநடவடிக்கை தொடங்கியது. நீர்வேலியும் கோப்பாயும் படை நகர்ந்த பாதையில் கிடந்தன. ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. நாவற்குழிப் பாலத்திலும் செம்மணி வீதியிலும் மழைக்குள் மனிதர் மேல் மனிதராக நகர்ந்த அந்த இரவில் கார்களும் உழவு இயந்திரங்களும் நடை வேகத்திலும் குறைந்த வேகத்தில் போயின. ஓரடி ஓடி, ஓரடி நின்று, விடியும்வரை. முன்னால் கிழவிகளும் குழந்தைகளும் நடக்க, பின்னால் கார். அந்தக் கார்களின் முன்பிறேக்குகள் எவையென்று மேலே சொல்லியிருக்கிறேன். அன்றிரவு அவை பிடித்தன. அந்த வேலையைச் செய்தவர்களுக்கு எவரும் பாராட்டு விழா எடுக்கவில்லை. 1996 ஏப்ரலில் வலிகாமத்துக்குச் சனம் திரும்பியபோது, விட்டுச் சென்ற கார்களிற் பல கொட்டிலுக்குள் கோறையாகக் கிடந்தன. சிலவற்றில் கொட்டிலும் இல்லை.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்ததும் காட்சி மாறியது. யப்பான் கார்கள் வந்தன. தெற்கிலிருந்து பழைய கார் தேடி வந்தவர்கள் சோமர்செற்றையும் மைனரையும் விலைபேசிக் கொண்டுபோனார்கள். 2006 ஓகஸ்ட்டில் வீதி மறுபடி மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்தபின் வந்த பெருக்கைச் சொல்லத் தேவையில்லை. அல்ரோ, விற்ஸ், வாகன் ஆர் என ஒழுங்கைக்கு ஒன்றாயின. அவற்றோடுதான் முன்சில்லின் டிஸ்க் பிறேக் எங்கள் வளவுகளுக்குள் பரவலாக வந்தது.

டிஸ்க் பிறேக்கும் பழைய யோசனைதான். பேர்மிங்ஹாமில் கார் செய்த பிரெடெரிக் லான்செஸ்ரர் 1902இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். பொருத்தமான உராய்வுப் பொருள் அன்று இல்லை, செம்பை வைத்தார், அது கிறீச்சிட்டது, தேய்ந்தது. 1953இல் பிரான்ஸின் லு மான் 24 மணிநேர ஓட்டத்தில் டன்லொப் டிஸ்க் பூட்டிய ஜகுவார் வென்றபின்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1955இல் சிற்றோயன் டி.எஸ். காரின் முன்சில்லுகளில் அது வந்தது. சில்லோடு சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் இரண்டு பாட்கள் கவ்விப் பிடிக்கும். குடம் போல மூடி இல்லாததால் சூடு காற்றோடு போகும். பிறேக் பிடிக்கையில் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் நிறுத்தும் வேலையில் மூன்றில் இரண்டு பங்களவை முன்சில்லுகளே செய்கின்றன. அதனால்தான் முன்னுக்கு டிஸ்க்.

டிறம்மோடு ஒப்பிட்டால் டிஸ்க்கில் பாட் மாற்றுவது எளிது. நட்டுகளைச் சில்லு தரையில் இருக்கும்போதே தளர்த்தி, உயர்த்தி, தாங்கி வைத்து, கலிப்பரின் ஆணியைக் கழற்றி மேலே தூக்கினால் பாட் கையோடு வரும். பிஸ்ரனை உள்ளே அழுத்தும்போது மேலே எண்ணெய்த் தாங்கி வழிகிறதா என்று பார்க்கவேண்டும். கலிப்பரை இறப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டவேண்டும். டிஸ்க்கையும் மாற்றுவதாயின் கலிப்பரின் தாங்கியைக் கழற்ற வேண்டும். துருவேறி ஒட்டிப்போன டிஸ்க்கைச் சுத்தியலால் அடித்துத் திண்டாடுவோர், பல யப்பான் டிஸ்க்குகளில் அதற்கென்றே இரண்டு மரையிட்ட துளைகள் இருப்பதைக் கவனிப்பதில்லை. அவற்றில் ஆணியைப் பூட்டி இறுக்கினால் டிஸ்க் தானே முன்னால் தள்ளப்படும். புதிய டிஸ்க்கில் துருவுக்குக் காவலாகப் பூசியிருக்கும் எண்ணெயைத் துடைக்கவேண்டும். எல்லாம் முடிந்தபின், கார் ஓரங்குலம் நகர்வதற்கு முன், பெடல் கெட்டியாகும்வரை மிதிக்கவேண்டும். முதல் மிதிகள் பிஸ்ரனை வெளியே கொண்டுவரவே செலவாகும்.

இந்த எளிமையில்தான் தடைக்காலத்தின் நிழல் விழுகிறது. கார் மாறியது, கை மாறவில்லை. ‘இன்னும் கொஞ்ச நாள் ஓடலாம்’ என்ற வாக்கியம் எங்கள் கராஜ்களிலும் வளவுகளிலும் தங்கிவிட்டது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஆகக் குறைந்த தடிப்பு எவ்வளவு என்று மில்லிமீற்றரில் பொறித்திருப்பார்கள். அந்த இலக்கத்துக்குக் கீழே போனதையும் லேத்தில் கடைந்து பளபளப்பாக்கித் திரும்பப் பூட்டுகிறார்கள். மெலிந்த தட்டு சூட்டைத் தாங்காது, நெளியும், வெடிக்கவும் கூடும். பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகையின் கொதிநிலைக்கு விதிக்கப்பட்ட ஆகக் குறைந்த அளவு புதிதாக இருக்கையில் 205 பாகை, ஈரமேறியபின் 140 பாகை. எங்கள் உப்புக் காற்றில் வருடக்கணக்காக மாற்றாத எண்ணெயோடு ஓடும் கார்கள் எத்தனையோ. 1993இல் இவற்றைச் செய்தவரிடம் வேறு வழி இருக்கவில்லை. அவருடைய கார் மணிக்கு இருபது மைல் ஓடியது. இன்று பருத்தித்துறை வீதி கார்ப்பெற் வீதி. கோப்பாய்ச் சந்தியிலிருந்து எங்கள் சந்திக்குச் சில நிமிடங்களில் வந்துவிடுகிறார்கள். எதிரே பள்ளிப் பிள்ளைகள், முச்சக்கர வண்டி, நாய், பஸ். அன்றைய சமாளிப்பை இன்றைய வேகத்தோடு பூட்டக் கூடாது.

இதற்கிடையில் பழைய காலம் வேறோர் உருவில் வந்துபோயிற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலர் ஒன்று ஏறத்தாழ இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்கு மேல் போனது. எரிபொருளுக்கு வரிசை; யூலையிலிருந்து கியூ.ஆர். அட்டை. உதிரிப்பாகத்தின் விலை கேட்டுத் திரும்பி வந்தவர்களில் நானும் ஒருவன். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கழற்றி விற்ற பழைய டிஸ்க்குகள் பஸ்ஸில் வடக்கே வந்தன. பெட்டியில் பெயர் மட்டும் நல்லதாக இருந்த பாட்களும் வந்தன. தெற்கிலுள்ள நண்பர்கள் இதைப் பெரிய அதிர்ச்சியாகப் பேசியபோது எங்கள் ஊரில் ஒருவரும் அலட்டிக்கொள்ளவில்லை. “இதென்ன, நாங்கள் பார்க்காததா?” என்றார்கள். எனக்கு அந்தப் பதிலில் சிறிது கவலையே உண்டாயிற்று. தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரி 1ஆம் திகதி மறுபடி அனுமதிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் நீட்டி ஓடிய கார்களே இன்னும் பெரும்பாலும் வீதியில் நிற்கின்றன, நீட்டி ஓடிய அவற்றின் டிஸ்க்குகளோடு.

டிறைவர் அண்ணை காலமாகி வெகு நாளாயிற்று. அவருடைய சோமர்செற் எங்கோ தெற்கில் கலியாண ஊர்வலம் போவதாகக் கேள்வி. எங்கள் ஒழுங்கையில் இப்போது ஓர் இளைஞன் ஞாயிறுகளில் அயலவர்களின் கார்களுக்குப் பாட் மாற்றிக் கொடுக்கிறான். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன். பனங்குற்றிக்குப் பதிலாக, கோண இரும்பில் நான்கு தாங்கிகளைக் கம்மாலையிலேயே சொல்லிச் செய்வித்திருக்கிறான். முகத்தில் மூடி. புழுதியை ஊதுவதில்லை, ஈரத்துணியால் துடைக்கிறான். என் காரின் டிஸ்க்கை அளந்து பார்த்துவிட்டு, அளவுகோலை என் கண்ணுக்கு நேரே நீட்டி, “மாமா, இது கடையிற சாமான் இல்லை, எறியிற சாமான்” என்றான். விலையைச் சொன்னான். பாதி விலைக்குக் கடைந்து தருவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் சொன்னார். இளைஞன் பதில் பேசாமல், கழற்றிய பழைய டிஸ்க்கை எடுத்துப்போய்ப் பழைய இரும்புக் குவியலில் போட்டான்.